அக்கா, கரடி, காலியாக விட்ட வரி

என் அக்கா மிருகங்களுக்கெல்லாம் உறவுமுறை வைத்திருக்கிறாள். நாள் முழுக்க வாயைத் திறந்துகொண்டு வெயிலில் கிடக்கும் முதலை அவளுக்கு மாமனார். வேலிக்கு மேல் கழுத்தை நீட்டி வேவு பார்க்கும் ஒட்டகச்சிவிங்கி எதிர்வீட்டுக்காரி. கரடிதான் நாத்தனார்.

“கூடத்துக்கும் வாசலுக்கும் நடந்துகிட்டே இருக்கா பாரு. இந்த வீட்ல எதுவும் சரியில்லைன்னு சொல்றதுக்கு ஆள் தேடுறா” என்பாள்.

கரடி நடப்பது சிரிக்கிற விஷயம் இல்லை என்று அவளுக்குத் தெரியும். சுவரோரமாக எட்டு அடி, ஒரு தலைத் திருப்பல், மறுபடி எட்டு அடி. அந்தத் தடத்தில் புல் முளைப்பது நின்று பல வருஷம் ஆகிறது. தன்னால் சரிசெய்ய முடியாததை அக்கா கேலி செய்வாள். அது அவள் வழக்கம். மூட்டை தூக்கிக்கொண்டிருந்த அவள் புருஷன், எங்கள் மாமா, முதுகு ஒடிந்து வீட்டோடு படுத்தபோதும் அப்படித்தான். “எங்க வீட்லயும் ஒரு மலைப்பாம்பு இருக்கு. மாசத்துக்கு ஒருவாட்டி புரண்டு படுக்கும்” என்று வருகிறவர்களிடமெல்லாம் சொன்னாள். மாமாவே முதலில் சிரித்தார்.

நாங்கள் இருவரும் மிருகக்காட்சி சாலையின் தீவனக் கூடத்தில் வேலை செய்கிறோம். நீளமான அறை. நடுவில் தகரம் அடித்த மேசை, ஓரத்தில் தராசு, தண்ணீர் எப்போதும் சொட்டும் இரண்டு குழாய்கள். சுவரோரம் வரிசையாக வாளிகள். ஒவ்வொரு வாளியிலும் பெயருக்குப் பதில் அந்தந்த மிருகத்தின் படம் ஒட்டியிருக்கும். அக்காவுக்காக ஒட்டியது. அவள் பள்ளிக்கூடப் படியை மிதித்ததில்லை. பத்து வயதில் ஒரு கேன்டீனில் தட்டுக் கழுவப் போனவள். இருபத்திரண்டு வருஷமாக இங்கே காய் நறுக்குகிறாள். ஒரு வாளிகூட மாறிப் போனதில்லை.

அவளுக்கும் எனக்கும் பன்னிரண்டு வயது வித்தியாசம். அம்மா நோயாளி என்பதால் என்னை வளர்த்தது அவள்தான். நான் படிக்க வேண்டும் என்று அவளுக்குப் பிடிவாதம். நானோ வகுப்பில் எழுந்து படிக்கச் சொன்னால் குரல் வராமல் நின்றேன். பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்று நான் அழுத நாட்களில் அவள் ஒரு வழி கண்டுபிடித்தாள். என் பையின் சின்ன அறையில் தினமும் எதையாவது ஒளித்து வைப்பாள். ஒரு பிடி வேர்க்கடலை, ஒரு மிட்டாய், ஒரு தேங்காய்ச் சில்லு. வகுப்பில் உட்கார்ந்த பிறகுதான் திறந்து பார்க்க வேண்டும் என்பது பேச்சு. என்ன இருக்குமோ என்ற நினைப்பிலேயே நான் நடந்து போய்விடுவேன். இப்படி எட்டாம் வகுப்புவரை இழுத்துக்கொண்டு போனாள். அதற்குமேல் அவளாலும் முடியவில்லை. அம்மாவைப் பார்த்துக்கொள்ள நின்றுவிட்டேன் என்று எல்லாரிடமும் சொன்னேன். சத்தமாகப் படிக்க வெட்கப்பட்டு நின்றேன் என்பது எனக்கும் அவளுக்கும் மட்டும் தெரியும்.

கடலை ஒளித்து வைக்கிற அவள் கைதான் இந்தக் கதைக்குக் காரணம். என் வாயும்தான்.

போன வருஷம் ஒரு கல்லூரி மாணவி வந்தாள். அடைபட்ட மிருகங்கள் எப்படி நடந்துகொள்கின்றன, நலமாக இருக்கின்றனவா என்று பார்த்து எழுதுவது அவள் படிப்பு. கரடி முற்றத்துக்கு எதிரே உள்ள சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்திருப்பாள். அவள் கைக்கடிகாரம் நிமிஷத்துக்கு ஒருமுறை ‘டிக்’ என்று சத்தம் போடும். போட்டதும் நிமிர்ந்து பார்த்து, கரடி அந்த நொடியில் என்ன செய்கிறதோ அதற்கான கட்டத்தில் ஒரு கோடு போடுவாள். அக்கா அவளுக்கு ‘டிக்டிக்’ என்று பெயர் வைத்துவிட்டாள்.

டிக்டிக் செய்தது சின்ன ஏற்பாடுதான். ஒரு வாரம் கரடியின் தீனியை மரக்கட்டைப் பிளவிலும் கல்லுக்கு அடியிலும் சருகுக்குள்ளும் ஒளித்து வைப்பது. மறுவாரம் பழையபடி தட்டில் மொத்தமாக வைப்பது; அதற்குச் ‘சும்மா வாரம்’ என்று பெயர். இப்படி மாற்றி மாற்றி ஆறு வாரம். ஒளித்து வைத்த வாரங்களில் கரடி நடப்பது குறைந்தால், அதைத் தினசரி வழக்கமாக்குவதாக மிருகக்காட்சி சாலை ஆபீசர் சொல்லியிருந்தார். குறையாவிட்டால் நிறுத்திவிடுவார். காலையில் அரைமணி நேர வேலை அது. சும்மா செய்ய யாரும் ஒப்பவில்லை.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், செவ்வாயும் வியாழனும் மதியம் அவளுக்கு வகுப்பு இருந்தது. அந்த ஒரு மணி நேரம் தனக்குப் பதிலாகக் கோடு போட ஆள் தேடினாள். தீவனக் கூடத்தில் எழுதப் படிக்கத் தெரிந்தது நான் மட்டும்தான். மதியம் எனக்கு வேலையும் குறைவு. பெஞ்சில் பக்கத்தில் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தாள்.

“கரடி பாவமா இருக்கு, கோவமா இருக்குன்னெல்லாம் எழுதாதீங்கக்கா. அது நமக்குத் தெரியாது. நடக்குதா, தேடுதா, தின்னுதா, தூங்குதா, அவ்வளவுதான். கட்டத்துல அடங்காத எதையாவது பாத்தீங்கன்னா கீழ ‘வேறு ஏதாவது’ன்னு ஒரு வரி விட்டிருக்கேன். அதுல எழுதுங்க.”

கடிகாரத்தைக் கழற்றி என் கையில் கட்டினாள். என் வாழ்க்கையில் யாரும் என்னை நம்பி எழுதக் கொடுத்தது அதுதான் முதல் தடவை.

அக்காவிடம் யாரும் எதையும் விளக்கவில்லை. காலையில் கரடியைப் பின்னறையில் அடைத்துவிட்டு, கரடிக்காரர் முற்றத்தைத் தண்ணீர் அடித்துக் கழுவுவார்; அக்கா சருகு கூட்டி, தீனி வைப்பாள். “இந்த வாரம் ஒளிக்க வேண்டாமாம்” என்று அவர் சொன்னார். “ஏனாம்?” என்று கேட்டாள். “எனக்கென்ன தெரியும், படிச்சவங்க சொல்றாங்க” என்றார். அவ்வளவுதான்.

முதல் சும்மா வாரத்தில் கரடி நடந்தது. அதோடு, காலியான மரக்கட்டையை விடாமல் தோண்டியது. அக்கா அதைப் பார்த்துவிட்டு வந்து பூசணிக்காயை வெட்டிக்கொண்டே சொன்னாள்.

“பாவம்டி நாத்தனார். இருக்கும்னு நம்பி வந்து கைய விட்டுப் பாக்குறா. இல்லைன்னா இல்லைன்னு யாராவது அவகிட்ட சொல்லணும்ல.”

நான் “ம்” என்றேன்.

இரண்டாவது சும்மா வாரம், செவ்வாய் மதியம். என் கையில் அட்டை. டிக் என்றதும் நிமிர்ந்தேன். கரடி கட்டைப் பிளவில் மூக்கை வைத்து உறிஞ்சியது. வாயை அசைத்தது. கீழே ஏதோ விழுந்தது. வேர்க்கடலைத் தோல்.

யார் வைத்தது என்று எனக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. அக்காவின் இடுப்பில் எப்போதும் ஒரு சுருக்குப் பை தொங்கும். அதில் மாமாவுக்கென்று வறுத்த கடலை இருக்கும். மறுநாள் காலை தீவனக் கூடத்து ஜன்னலில் நின்று பார்த்தேன். கரடிக்காரர் திரும்பி நின்று குழாயைச் சுருட்டிக்கொண்டிருந்தார். அக்கா கட்டைக்குப் பக்கத்தில் குனிந்தாள், சருகு பொறுக்குகிறவள் மாதிரி. கை மட்டும் பிளவுக்குள் போய் வந்தது. எழுந்தபோது அவள் முகம் எனக்குப் பழக்கமான முகம். என் பையை மூடி என் தோளில் மாட்டும்போது வைத்திருப்பாளே, அதே முகம்.

அவள் செய்வதால் என்ன ஆகும் என்று எனக்குப் புரிந்தது. சும்மா வாரமும் ஒளித்த வாரமும் ஒன்றாகிவிடும். ஒளித்து வைத்தால் ஒரு பயனும் இல்லை என்று கணக்கு வரும். நாத்தனாருக்கு நல்லது செய்வதாக நினைத்து அவளுடைய நல்லதையே அக்கா கெடுத்துக்கொண்டிருந்தாள். ஒரு வார்த்தை சொன்னால் நிறுத்தியிருப்பாள்.

நான் சொல்லவில்லை. ‘தேடுதா’ கட்டத்தில் கோடு போட்டேன். அது பொய் இல்லை. கரடி தேடத்தான் செய்தது. கீழே ‘வேறு ஏதாவது’ என்ற வரியைக் காலியாக விட்டேன்.

அக்காவுக்கு வேலை போய்விடுமோ என்று பயந்தேன் என்று பிற்பாடு எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பிறந்ததிலிருந்து அவளிடம் ஒரு தடவைகூட ‘நீ செய்வது தப்பு’ என்று சொன்னதில்லை, வாய் வரவில்லை என்றும் சொல்லிக்கொண்டேன். இரண்டும் உண்மைதான். ஆனால் மூன்றாவது ஒன்று இருந்தது. எனக்குத் தெரிந்த ஒன்று அக்காவுக்குத் தெரியவில்லை என்பது எனக்குப் பிடித்திருந்தது. கையில் கடிகாரம் கட்டிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்து, அவள் துடைப்பத்தோடு போவதைப் பார்க்கும்போது எனக்குள் ஏதோ ஒன்று நிமிர்ந்து உட்கார்ந்தது. இதை எழுதவே கூசுகிறது.

ஐந்தாம் வாரத்தில் டிக்டிக் தன் தாள்களைப் புரட்டிக்கொண்டே கேட்டாள்.

“முதல் சும்மா வாரம் சரியா இருந்துச்சுக்கா. அப்புறம் சும்மா வாரத்துலயும் தேடிக்கிட்டே இருக்கு. பழக்கமாயிடுச்சோ? நீங்க ஏதாவது பாத்தீங்களா?”

“இல்லையே” என்றேன்.

ஆறு வாரம் முடிந்து ஆபீசர் அறையில் கூட்டம் நடந்தது. மிருக டாக்டர், டிக்டிக்கின் ஆசிரியர், டிக்டிக், ஆபீசர். அன்றைக்கு டீ கொடுக்கிறவர் வரவில்லை என்று என்னைக் கூப்பிட்டார்கள். நான் தட்டை நீட்டிக்கொண்டு நின்றபோது அவள் பேசிக்கொண்டிருந்தாள். குரல் கம்மியிருந்தது.

“ரெண்டு மாதிரி வாரத்துக்கும் பெரிய வித்தியாசம் வரல சார். வரும்னுதான் நினைச்சேன்.”

“அதுல தப்பில்லம்மா. பலன் இல்லைன்னு தெரிஞ்சுக்கறதும் பலன்தான்” என்றார் ஆபீசர். டம்ளரை எடுத்துக்கொண்டார். “அப்ப நிறுத்திடலாம். அந்தக் கட்டையெல்லாம் எடுத்துடச் சொல்றேன். கழுவறதுக்கும் இடைஞ்சல்.”

சொல்ல வேண்டியது என்ன என்று எனக்குத் தெரியும். தட்டில் நாலு டம்ளரும் காலியாகும்வரை நின்றேன். காலியானதும் எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

மறுநாளே கட்டைகளை வெளியே இழுத்துப் போட்டார்கள். முற்றம் கழுவிவிட்ட தட்டு மாதிரி இருந்தது. ஒளிக்க இடமே இல்லை, அக்காவாலும்கூட. கரடி கட்டை இருந்த இடத்தை முகர்ந்துவிட்டு சுவரோரம் போய் நடக்க ஆரம்பித்தது. எட்டு அடி, திருப்பல். அந்த வாரம் முழுக்க அக்கா ஒரு கேலியும் பேசவில்லை. வெள்ளிக்கிழமை என்னால் பொறுக்க முடியவில்லை. எதிரெதிரே நின்று கேரட் நறுக்கிக்கொண்டிருந்தோம்.

“அக்கா, அந்தப் பொண்ணு கணக்கு தப்பாப் போச்சு.”

“ஏன், அவளுக்குக் கூட்டத் தெரியாதா?”

“நீ வச்ச கடலையால.”

கத்தி நின்றது. நான் மேசையைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். ஒளித்த வாரம், சும்மா வாரம், இரண்டையும் எதற்கு ஒப்பிட்டார்கள், ஆபீசர் என்ன சொல்லியிருந்தார். சொல்லி முடிக்க ஒரு கேரட் நறுக்குகிற நேரம்கூட ஆகவில்லை. இவ்வளவு சின்ன விஷயத்தையா ஒரு மாதம் வைத்திருந்தேன்.

“இது உனக்கு எப்பத் தெரியும்?”

“ரெண்டாவது சும்மா வாரத்துல.”

“நான் வைக்கிறதப் பாத்தியா?”

“ஜன்னல்ல இருந்து பாத்தேன்.”

திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் கத்தியை முந்தானையில் துடைத்து மேசைமேல் வைத்தாள்.

“இந்த வீட்ல படிச்சவ நீ ஒருத்திதான். படிக்காதவ என்னமோ பண்ணிக்கிட்டு இருக்கா, பண்ணட்டும்னு ஜன்னல்ல நின்னு பாத்துக்கிட்டு இருந்திருக்க.” கொஞ்சம் மூச்சு விட்டாள். “இங்க இருக்கற அத்தனை மிருகத்துக்கும் நான் முறை வச்சேன்டி. உன்னைத்தான் என்ன முறை சொல்லிக் கூப்பிடறதுன்னு தெரியல.”

ஈரக் கையோடு ஆபீஸ் பக்கம் நடந்தாள். நான் பின்னாலேயே போய் வராந்தாத் தூணுக்கு அப்பால் நின்றுவிட்டேன். டாக்டரும் உள்ளே இருந்தார். டிக்டிக், தனக்குக் கொடுத்திருந்த அனுமதி அட்டையையும் சாவியையும் திருப்பித் தர வந்து நின்றுகொண்டிருந்தாள்.

“சார், சும்மா வாரத்துல கட்டையில கடலை வச்சது நான்தான்” என்றாள் அக்கா.

ஆபீசர் பேனாவை மூடி வைத்தார்.

“யார் சொல்லிச் செஞ்சீங்க?” என்றார் ஆபீசர்.

“யாரும் சொல்லல. ஏமாந்து போகுதேன்னு இருந்துச்சு.”

“வேற யாருக்காவது இது தெரியுமா?”

“கரடிக்குத் தெரியும் சார்.”

டாக்டர் இருமினார். அக்கா திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் நான் உள்ளே போயிருப்பேன் என்று பல நாள் நினைத்துக்கொண்டேன். போயிருக்கமாட்டேன்.

இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவையாக அவளுக்கு எழுத்தில் எச்சரிக்கை கொடுத்தார்கள். ஒரு மாதம் மிருகங்கள் பக்கம் போகக் கூடாது. பாதை கூட்டும் வேலை. கைநாட்டு வைத்துவிட்டு வெளியே வந்தாள். டிக்டிக் பின்னாலேயே வந்தாள். கண் சிவந்திருந்தது.

“என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேக்கா.”

“நீ என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே கண்ணு.”

டிக்டிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு தூண் பக்கம் என்னைக் கவனித்தாள். “உங்க தங்கச்சிகிட்ட எல்லாம் சொல்லியிருந்தேனே” என்று மெதுவாகச் சொன்னாள். “அவங்க உக்காந்த அன்னிக்கும் கடலை இருந்திருக்குமே.”

அக்கா என் பக்கம் பார்க்காமலே சொன்னாள்.

“நான் ஒளிச்சு வச்சா கரடியே அரை மணி நேரம் தேடணும். இவளா கண்டுபிடிக்கப் போறா.”

டிக்டிக் அழுகைக்கு நடுவே சிரித்துவிட்டாள். நானும் சிரிக்கிற மாதிரி வாயை வைத்துக்கொண்டேன்.

ஆறு வாரத் தாள்களும் வீண். அவள் ஆசிரியர் ஆபீசரிடம் பேசி இன்னும் நான்கு வாரம் வாங்கிக் கொடுத்தார். கட்டைகள் திரும்பி வந்தன; மதியம் கோடு போட டிக்டிக் மறுபடி என்னிடமே கடிகாரத்தைக் கொடுத்தாள். அந்தத் திங்கட்கிழமை காலை அக்கா துடைப்பத்தோடு தீவனக் கூட வாசலில் நின்று, இடுப்பிலிருந்து சுருக்குப் பையை அவிழ்த்தாள்.

“இந்தா, நீ வச்சுக்க. என்கிட்ட இருந்தா கை சும்மா இருக்காது. உன்கிட்ட போனது எதுவும் வெளிய வராது.”

வாங்கிக் கட்டிக்கொண்டேன். ஒரு மாதம் அது என் இடுப்பில் இடித்துக்கொண்டே இருந்தது.

சும்மா வாரத்தில் கரடி கட்டையைத் தோண்டியது. ஒன்றும் இல்லை. மறுபடி தோண்டியது. பிறகு சுவரோரம் போய் நடந்தது. டிக், கோடு. டிக், கோடு. அறுபதில் நாற்பத்தொன்று நடை. அக்கா பாதையைக் கூட்டிக்கொண்டே பெஞ்சுக்குப் பின்னால் வந்து நின்றாள்.

“நடக்குறாளா?”

“நடக்குதுக்கா.”

“எழுது” என்று சொல்லிவிட்டுக் கூட்டிக்கொண்டே போய்விட்டாள்.

அந்த வியாழக்கிழமை ஒரு குழந்தை வேலிக்கு மேலாக பிஸ்கட் வீசியது. கரடி ஓடிப்போய் எடுத்தது. நான் ‘வேறு ஏதாவது’ வரியில் எழுதினேன்: மூன்று மணி இருபது நிமிஷம், குழந்தை பிஸ்கட் போட்டது, கரடி தின்றது. ஒருநாளும் அந்த வரியைக் காலியாக விடவில்லை. எதுவும் இல்லாவிட்டால் எதுவும் இல்லை என்று எழுதினேன். எழுதும்போதெல்லாம் பழைய தாள்கள்தான் கண்முன் வந்தன.

ஒளித்து வைத்த வாரங்களில் அறுபதுக்குப் பத்தொன்பது, இருபது நடைதான் வந்தது. ஆபீசர் தாளை இரண்டு தடவை பார்த்துவிட்டு, இனிமேல் தினமும் ஒளிக்கலாம் என்று கையெழுத்துப் போட்டார். தண்டனை முடிந்து அக்கா திரும்பியதும் அந்த வேலையை அவளுக்கே கொடுத்தார்கள். தினம் ஒரு புது இடம் கண்டுபிடிக்கிறாள். கரடி இன்னும் நடக்கிறது; குறைவாக நடக்கிறது. “நாத்தனார் ஒரேயடியா திருந்திட்டா ஊர் நம்பாது” என்கிறாள்.

கடலைப் பையைத் திருப்பிக் கேட்டு வாங்கிக்கொண்டாள். நடந்ததைப் பற்றி ஒரு சொல் பேசவில்லை. நானும் டிக்டிக்கிடம் போய்ச் சொல்லவில்லை. இன்றைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று இருந்தேன். அவள் படிப்பை முடித்துக்கொண்டு போய்விட்டாள்.

சென்ற மாதம் அவள் ஆய்வுப் புத்தகம் வந்தது. நீல அட்டை போட்டது. எங்களுக்காகக் கடைசியில் நான்கு பக்கம் தமிழில் சேர்த்திருந்தாள். சாயங்காலம் அக்கா தன் வீட்டில், மாமா படுத்திருக்கும் அறையில், கட்டிலோரம் உட்காரவைத்து என்னைப் படிக்கச் சொன்னாள். நாற்பது வயதில் எனக்கு மறுபடி வகுப்பறை. கரடி, கட்டை, நடை, எல்லாம் படித்தேன். கடைசிப் பத்தி நன்றி.

“செய்த தவறை மறைக்காமல் தானே வந்து சொன்ன தீவனக் கூட ஊழியருக்கு என் நன்றி” என்று படித்தேன். மாமா “பலே” என்றார். நான் புத்தகத்தை மூடினேன். “அவ்வளவுதான்.”

“இன்னும் ஒரு வரி இருக்கணுமே” என்றாள் அக்கா.

நான் நீல அட்டையைத் தடவிக்கொண்டிருந்தேன்.

“எனக்குப் படிக்கத்தான் தெரியாது. எண்ணத் தெரியும். மூணு வரி இருக்கு, நீ ரெண்டு வரி நேரம்தான் படிச்ச.” என் மடியிலிருந்து புத்தகத்தை எடுத்துப் பிரித்து மறுபடி வைத்தாள். “உங்க தங்கச்சியப் பத்தி என்ன எழுதலாம்னு அவ என்கிட்டதான் கேட்டா. இப்படி எழுதுன்னு சொன்னது நான்தான். படி.”

எழுத்து கலங்கித் தெரிந்தது. விரலை வைத்துக்கொண்டு படித்தேன்.

“பார்த்ததைப் பார்த்தபடி எழுதிக் கொடுத்த அவர் தங்கைக்கும்.”

“கேக்கல” என்றாள் அக்கா. “மாமாவுக்குக் கேக்கற மாதிரி படி.”